மூன்று பேர் நடந்து வந்தார்கள்

அன்று காலையும் ஜமிர் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் போனுமாகத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவினானா, போனில் தடவினானா என்று அவன் மனைவி சினாரா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அவன் காதில் விழவில்லை.

கோக்-தலாவில் ஒரு பசு தொலைந்தால் சொந்தக்காரனுக்குத் தெரியும் முன்பே ஜமிருக்குத் தெரிந்துவிடும். பாதி நேரம் அந்தப் பசு தொலைந்தே இருக்காது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருக்கும். ஆனாலும் 'ஊர்ச்சேதி' பக்கத்தில் அதன் படம் வந்துவிடும். ஊரில் இருப்பது ஒன்பதாயிரம் பேர். அவன் பக்கத்தைத் தொடர்கிறவர்கள் இருபத்தாறாயிரம். மிச்சப் பேர் மாஸ்கோவிலும் கசானிலும் தரை துடைத்துக்கொண்டும் செங்கல் சுமந்துகொண்டும் இருக்கிற ஊர்க்காரர்கள். தங்கள் தெருவில் பனி விழுந்ததா, யார் வீட்டில் கல்யாணம் என்று அவர்கள் ஜமிரைத்தான் பார்ப்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 'முதலில் சொல்வது நாங்களே' என்று பக்கத்தின் உச்சியில் எழுதி வைத்திருந்தான்.

முதலில் சொல்வது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த விஷயம். பிள்ளை பிறந்தது, பட்டாளத்துக்குப் போனவன் திரும்பி வந்தான் என்றால் மூச்சிரைக்க ஓடிப்போய் "சுயுன்ச்சி!" என்று கத்துவான். நல்ல சேதி கொண்டுவந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று வீட்டுக்காரர்கள் மிட்டாயோ தொப்பியோ கொடுப்பார்கள். ஒரு தடவை ஒரு ஆட்டுக்குட்டியே கிடைத்தது. ஜமிர் வளர்ந்துவிட்டான். ஓடுகிற கால் மட்டும் நிற்கவில்லை, இப்போது அது விரலுக்கு வந்துவிட்டது.

ஒன்பதரைக்குப் போன் துடித்தது. காவல் நிலையத்தில் பழக்கமான ஒருவன் படம் அனுப்பியிருந்தான். 'நான் அனுப்பினேன்னு சொல்லிடாத' என்று கீழே ஒரு வரி. ஆற்றோரக் கற்களுக்கு நடுவே ஒரு பையன் குப்புறக் கிடந்தான். நீல நிற ஜாக்கெட். முகம் பாதி தெரிந்தது.

பையன் யார் என்று ஜமிருக்கு உடனே தெரிந்துவிட்டது. மிர்லான். இருபத்துநான்கு வயது. தலைநகர் பிஷ்கேக்குக்கு டாக்ஸி ஓட்டுகிறவன். மூன்று நாளாக ஆளையும் காணோம், காரையும் காணோம் என்று ஊரில் பேச்சு. அப்பா இல்லாத பையன். அம்மா ஷாயிர்கான் மாஸ்கோவில் ஏதோ பெரிய கடையில் துப்புரவு வேலை. வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி, பள்ளிக்கூடம் போகிற தங்கை. காருக்காக அவனை அடித்துக் கொன்று ஆற்றில் தள்ளியிருக்கிறார்கள், ஏறிய இரண்டு பயணிகளைத் தேடுகிறார்கள் என்றான் காவல் நிலையத்துக்காரன்.

ஜமிர் கெட்டவன் அல்ல. அதைச் சொல்லியாக வேண்டும். படத்தைப் போடும் முன்பு அவன் இரண்டு காரியம் செய்தான். ஒன்று, முகத்தை மங்கலாக்கினான். இரண்டு, காரை எடுத்துக்கொண்டு மிர்லானின் தெரு வழியாக ஒரு சுற்று சுற்றி வந்தான். வாசலில் ஏழெட்டு ஆண்கள் சேர்ந்து கம்பளிக் கூடாரம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மரச்சட்டம் நின்றுவிட்டது, கம்பளியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செத்தவரைக் கிடத்துவதற்குத்தான் அந்தக் கூடாரம். கூடாரம் எழும்பிவிட்டால் வீட்டுக்குச் சாவு சொல்லியாகிவிட்டது என்று பொருள். சொல்லாத வீட்டின் முன்னால் அந்தச் சட்டத்தில் ஒன்றைக்கூட யாரும் இறக்கமாட்டார்கள். இது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

'சரி, தெரிந்துவிட்டது' என்று முடிவு கட்டினான் ஜமிர். காரை நிறுத்தி இறங்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவர்களுடன் கம்பளி பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் பக்கத்து மாவட்டத்தில் இதேபோல் ஒரு சேதிப் பக்கம் நடத்துகிற ஜானிபெக் போட்டுவிடுவான்.

பத்து மணி அடிக்கும்போது செய்தி போனது. பெயர், வயது, தெரு, நீல ஜாக்கெட் கிடந்த ஆற்றோரம், எல்லாம். பதினைந்து நிமிடத்தில் ஆறாயிரம் பேர் பார்த்தார்கள். பதினொன்று ஆனபோது ஜமிர் இன்னொரு கோப்பை தேநீர் கேட்டான்.

"என்ன முகம் இப்படி மலர்ந்திருக்கு?" என்றாள் சினாரா. அவள் ஊர் மருத்துவமனையில் நர்ஸ். அன்று மதியம் ஷிப்ட்.

"ஜானிபெக்குக்கு முன்னாடி போட்டுட்டேன்."

"என்னத்தை?"

அவன் போனை நீட்டினான். அவள் படித்தாள். கெட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். "அந்தப் பையனா… போன வாரம் என்னை மருத்துவமனைல இறக்கி விட்டான். 'அக்கா, கதவ மெதுவா சாத்துங்க, வயசான காரு'ன்னான்." பிறகு கேட்டாள். "அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"கூடாரம் போட்டாச்சு."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று அவன் தோளைப் பிடித்தாள்.

தெருவில் மூன்று பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று பேர் நடந்து வருவதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரன் கேட்கலாம். கோக்-தலாவில் யாரும் கேட்கமாட்டார்கள். ரொட்டி வாங்கக்கூடக் காரில் போகிற ஊர் அது. நடுவயது ஆண்கள் மூன்று பேர், தொப்பி வைத்துக்கொண்டு, பேச்சில்லாமல், தோளோடு தோள் சேர்ந்து நடந்து வருகிறார்கள் என்றால் யாரோ ஒருவர் வீட்டுக்குச் சாவு சொல்லப் போகிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் உள்ளுக்குள் 'எங்கள் வாசலைத் தாண்டிப் போகட்டும்' என்று வேண்டிக்கொள்ளும்.

அவர்கள் தாண்டிப் போகவில்லை. ஜமிரின் வாசலில் நின்றார்கள்.

ஜமிர் எழுந்தான். அம்மா நாரினில் அக்கா வீட்டில் இருக்கிறாள். நேற்று இரவு பேசினாளா? முந்தாநாளா? தம்பி லாரி ஓட்டுகிறான், மலைப்பாதையில் பனி… கதவு வரை போவதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாரையும் மனதுக்குள் ஒருமுறை சாகடித்துவிட்டான். கதவைத் திறந்தான்.

முன்னால் நின்றவன் ஒஸ்மோன். டிராக்டர் ஓட்டுகிறவன், மிர்லானின் சித்தப்பா. கையெல்லாம் கம்பளித் தூசு.

"பயப்படாத. உன் வீட்ல யாரும் சாகல," என்றான்.

ஜமிர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு திரும்பி வந்தது.

"அந்த மூச்சு எப்படி இருந்துச்சு? அத ஞாபகம் வெச்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளு," என்றான் ஒஸ்மோன். "ஷாயிர்கான் அண்ணிக்கு இன்னும் சொல்லல."

"கூடாரம் நின்னுச்சேண்ணே. அதான் சொல்லியாச்சுன்னு…"

"கூடாரம் போட்டா வீட்ல இருக்கறவங்களுக்குச் சொல்லியாச்சுன்னு அர்த்தம். வானத்துல பறந்து வந்துட்டிருக்கறவங்களுக்கு யார்டா சொன்னது?"

விஷயம் இதுதான். முந்தின நாள் மாலையே போலீஸ் ஷாயிர்கானின் அண்ணன் கபாரைக் கூப்பிட்டுப் பையனை அடையாளம் காட்டச் சொல்லியிருந்தது. கபார் பார்த்தார், தலையாட்டினார், வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டார். 'உன் மாமியாருக்கு ரொம்ப முடியல, கண்ண மூடறதுக்குள்ள உன்னப் பாக்கணுங்குறாங்க, கிளம்பி வா' என்றார். தூரத்தில் இருப்பவர்களுக்கு இங்கே அப்படித்தான் சொல்வது. வழியெல்லாம் தனியாக அழுதுகொண்டு வரக் கூடாது. ஊருக்குள் வந்து, நாலு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பிடிப்பதற்குக் கைகள் தயாரான பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

"ஒன்பதரைக்கு 'ஏறிட்டேன், போனை அணைக்கிறேன்'னு சேதி அனுப்பினாங்க. நீ எத்தன மணிக்குப் போட்ட?"

"பத்துக்கு."

"அப்ப பாத்திருக்க மாட்டாங்க." ஒஸ்மோன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு மணிக்கு இறங்கறாங்க. கபார் அண்ணன் ஏர்போர்ட்ல நிப்பாரு, போனை எப்படியாவது வாங்கி வெச்சுக்குவாரு. ஆனா இறங்கி, பெட்டி எடுத்து, வெளிய வர்ற வரைக்கும் போன் அவங்க கைல. ரெண்டு மணிக்குள்ள அது எங்கயும் இருக்கக் கூடாது ஜமிர். சுயுன்ச்சின்னா நானே ஓடியிருப்பேன். இது நாலு பேரு சேர்ந்து நடந்து போற விஷயம். உனக்கா தெரியாது?"

ஜமிர் அவர்கள் கண்முன்னாலேயே செய்தியை அழித்தான். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். மூன்று பேரும் திரும்பி நடந்தார்கள். அவர்களுக்குக் கூடார வேலை மிச்சம் இருந்தது.

அழித்தால் போய்விடுமா? ஐந்து பக்கங்கள் அதற்குள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. தன் படத்தை யாராவது எடுத்துப் போட்டால் ஜமிருக்குக் கோபம் வரும், மூலையில் தன் பக்கத்தின் பெயரைப் பொறித்துத்தான் போடுவான். இன்று அந்தப் பெயர் ஒவ்வொன்றிலும் அவனைப் பார்த்துப் பல்லிளித்தது.

மூன்று பக்கங்கள் சொன்னவுடன் எடுத்துவிட்டன. நான்காவது ஜானிபெக்.

"ஏண்டா, நீயே போட்டுட்டு நீயே எடுக்கச் சொல்றியா?" என்று சிரித்தான் ஜானிபெக். "நல்ல தந்திரம். நான் எடுத்ததும் நீ திரும்பப் போடுவ."

"போடமாட்டேன். அந்தப் பையனோட அம்மா விமானத்துல வந்துட்டிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது."

"இன்னிக்குத் தெரியலன்னா நாளைக்குத் தெரியும். நம்ம வேல சொல்றதுதானே?"

நேற்று வரை ஜமிரும் இதையேதான் சொல்லியிருப்பான். "ஜானிபெக், உங்கப்பா தவறினப்ப நீ ஓஷ்ல படிச்சிட்டிருந்தல்ல. உனக்கு எப்படிச் சொன்னாங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"கால் முறிஞ்சிடுச்சுன்னாங்க," என்றான் ஜானிபெக். "நான் ஊன்றுகோல் வாங்கிட்டுப் போனேன். பஸ்ல அத நிக்க வெக்க எடமில்ல, மடியிலயே வெச்சிருந்தேன். பஸ் நிறுத்தத்துல மாமா, பெரியப்பா, ஆறு பேரு நின்னுட்டிருந்தாங்க…" அவன் முடிக்கவில்லை. "எடுத்துடறேன். போனை வை."

ஐந்தாவது தலைநகரத்துப் பெரிய பக்கம். யாரோ ஒரு பெண் எடுத்தாள். குரல் மரியாதையாகவும் வறட்சியாகவும் இருந்தது.

"செய்தி தப்பா?"

"இல்லங்க, உண்மைதான்."

"உண்மைன்னா ஏன் எடுக்கணும்? போலீஸ் உறுதிப்படுத்தியிருக்கு இல்லையா?"

"உறுதிப்படுத்தியிருக்கு. அந்த அம்மாவுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லல."

"எங்களுக்கு அதெல்லாம் விசாரிக்க நேரமில்ல சார்."

"எனக்கு நேரம் இருந்துச்சும்மா. தெரு வழியாப் போனேன். கார விட்டு இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கல. அதனாலதான் இப்ப உங்ககிட்ட கெஞ்சிட்டிருக்கேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். கொலை நடந்ததை எடுக்க முடியாது, பெயரையும் ஊரையும் படத்தையும் எடுத்துவிடுகிறேன் என்றாள். அவன் நன்றி சொல்லும் முன்பே போனை வைத்துவிட்டாள்.

சினாரா அதற்குள் வேறொரு வேலையில் இறங்கியிருந்தாள். அவளுடைய அத்தை மகள் மாஸ்கோவில் ஷாயிர்கானோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள். அந்த அறையில் ஷாயிர்கானைத் தவிர ஏழு பெண்கள். ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்து, 'அனுதாபம் சொல்றேன்னு யாரும் அக்காவுக்கு ஒரு வரி அனுப்பிடாதீங்க, அனுப்பியிருந்தா அழிச்சிடுங்க' என்று சொன்னாள். இரண்டு பேர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். அழித்தார்கள். சினாரா ஷிப்டுக்குப் போகவில்லை.

ஒன்றரை மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து கபாரின் தகவல் வந்தது. விமானம் ஒரு மணி நேரம் தாமதமாம். ஜமிர் கையை ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டான். கடவுளே கொடுத்த ஒரு மணி நேரம் என்று நினைத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு பக்கங்களைக் கண்டுபிடித்து எடுக்க வைத்தான்.

நாலு மணிக்கு மறுபடி கபார். 'வெளிய வந்துட்டா. போன் என் கைல.'

ஜமிர் தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் காலையில் கடித்த ரொட்டிக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாலை ஏழு மணிக்குக் காரை நேரே வீட்டுக்கு விடாமல் ஊர் எல்லையில் இருந்த ஒஸ்மோன் வீட்டில் நிறுத்தினார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு சினாராவை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். தேநீர் ஊற்றினார்கள். பேச்சு வன்மையுள்ள பெரியவர் ஒருவர் குதிரையைப் பற்றி ஆரம்பித்தார். தொழுவத்தில் ஒரு இளங்குதிரை இருந்தது, எல்லாருக்கும் செல்லம், ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது, கூப்பிட்டால் திரும்பாத மேய்ச்சலுக்குப் போய்விட்டது என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மிர்லானின் பெயரில் நிறுத்தினார். ஷாயிர்கான் குனிந்து தரையில் கைவைத்து அலறினாள். இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து கூடாரம் வரை அவளைத் தாங்கிக்கொண்டு போனார்கள். அவள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல ஆரம்பித்தாள். வெளியே ஆண்கள் இடுப்பில் துணி கட்டிக் கோலூன்றி அழுதார்கள். ஜமிரும் அழுதான். அழுகைக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. எல்லாம் முறைப்படி நடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சினாரா சொன்னாள். "எனக்கு ஒண்ணு உறுத்துது. சாவு கேட்ட பிறகுதானே கம்மலக் கழட்டுவாங்க, அவங்க காதுல கம்மல் இல்ல. அந்தப் பெரியவர் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே இல்ல."

"பயணத்துல கழட்டி வெச்சிருப்பாங்க," என்றான் ஜமிர். அவனுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

அடக்கம் முடிந்தது. அந்த இரண்டு பயணிகளும் காரோடு எல்லையருகே பிடிபட்டார்கள். ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு ஜமிர் சர்க்கரையும் தேயிலைப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு போனான். சாப்பிட்டு எழுந்தபோது, ஷாயிர்கான் அக்கா சமையல் கொட்டகைக்குக் கூப்பிடுவதாக யாரோ வந்து சொன்னார்கள்.

நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். 'அதெல்லாம் எதுக்குக்கா' என்று சொல்வதற்குக்கூடத் தயாராகப் போனான்.

கறுப்புத் தலைத்துணியோடு அவள் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுகூட இருக்காது. பார்த்தால் அதற்கு மேல் இருந்தது.

"உக்காரு தம்பி. உன் வீட்டுக்காரி ரொம்ப ஒத்தாசையா இருந்தா. நீயும் அன்னிக்கு நாள் பூரா போன் போட்டு எல்லாரையும் எடுக்க வெச்சியாம். ஒஸ்மோன் சொன்னாரு."

"நம்மால முடிஞ்சதுக்கா."

"நான் பாத்துட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் கரண்டியால் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டாள்.

"விமானம் கிளம்பலப்பா. கதவச் சாத்திட்டாங்க, இறக்கையில உறைஞ்ச பனிய வழிக்கணும்னு ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்தி வெச்சுட்டாங்க. பக்கத்து சீட்டுப் பொண்ணு போன் பாத்துட்டிருந்துச்சு. சரி, நாமளும் ஊர்ல என்னான்னு பாப்போம்னு திறந்தேன். தினமும் வேலைக்குப் போறப்ப ரயில்ல உன் பக்கத்தத்தான் பாப்பேன். யார் வீட்டுப் பசு காணோம்னு படிக்கக்கூட எனக்கு ஆசையா இருக்கும். அன்னிக்கும் அப்படித்தான் திறந்தேன்."

கடவுள் கொடுத்த ஒரு மணி நேரம்.

"முகத்த மங்கலாக்கியிருந்தேன்க்கா," என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது.

"பேரப் போட்டுட்டு முகத்த மறைச்சியாக்கும். அந்த ஜாக்கெட் நான் வாங்கினது. கோடைல வந்தப்ப முழங்கைல கிழிஞ்சிருந்துச்சு, நீல நூல் இல்லன்னு வெள்ளை நூல்ல தெச்சேன். அவன் திட்டினான், 'அம்மா, ஊரே பாக்கும்'னான். பாத்துச்சு."

பொரிந்ததை அள்ளித் துணியில் கொட்டினாள்.

"நான் அழல. அழுதா உடம்பு சரியில்லன்னு இறக்கி விட்ருவாங்க. எங்களோட வேல செஞ்ச ஒருத்திய அப்படி இறக்கி விட்டிருக்காங்க. இறங்கிட்டா மகன் முகத்தக் கடைசியாப் பாக்க முடியாமப் போயிரும். கம்மல மட்டும் கழட்டிப் பையில போட்டேன். 'காது வலிக்குதா அக்கா'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஆமான்னேன். சாப்பாடு கொண்டு வந்தாங்க. கோழியா மீனான்னாங்க. கோழின்னேன். தின்னேன் தம்பி. பூராவும் தின்னேன். தின்னலன்னா ஏன்னு கேப்பாங்களே."

கொட்டகைக்கு வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். ஜமிர் தலையைத் தூக்கவில்லை.

"ஏர்போர்ட்ல எங்கண்ணன் சிரிச்சுக்கிட்டு நின்னாரு. அந்தச் சிரிப்ப எத்தன தடவ பழகிப் பாத்தாரோ. என் போன் பேட்டரி தீந்துருச்சு, உன்னோடதக் குடுன்னாரு. குடுத்தேன். வழி பூரா 'அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு'ன்னு நான் கேட்டுட்டே வந்தேன். அவரு மருந்து பேரெல்லாம் சொன்னாரு. அந்தக் குதிரைக் கதையையும் முழுசாக் கேட்டேன். அத்தன பேரு எனக்காகப் பாடுபட்டிருக்காங்க, அவங்ககிட்டப் போயி எனக்கு முன்னமே தெரியும்னு எப்படிச் சொல்றது? நீயும் சொல்லாத. காப்பாத்திட்டோம்னு நினைச்சுட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

"அக்கா, நான் கார விட்டு இறங்கிக் கேட்டிருக்கணும்…"

"கேட்டிருக்கணும். ஒரே ஒரு கேள்வி. அவங்கம்மாவுக்குத் தெரியுமான்னு." அவள் முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தாள். "நாப்பதாயிரம் பேரு பாத்தாங்களாமே. அதுல அந்தச் சேதி இல்லாம அன்னிக்குக் காலைல யாருக்கு என்ன கெட்டுப் போயிருக்கும்? கொன்னவனப் பிடிக்கணும்னா கார் நம்பரப் போட்டிருந்தாப் போதும். அத நீ போடவே இல்ல. என் புள்ள எப்படிக் கிடந்தான்னு போட்ட. அவன் செத்தது உன் சேதி இல்ல தம்பி. அது எனக்கு வரவேண்டியது. என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அத எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்துட்ட. இனி நீ எத்தன பேர்கிட்டக் கெஞ்சினாலும் அத வாங்கி என்கிட்டக் குடுக்க முடியாது."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு தட்டில் பொரித்ததை வைத்து, "சினாராவுக்குக் கொண்டு போ," என்று கொடுத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அந்தச் சேதியை ஜமிர் கபாரிடம் சொல்லவில்லை, ஒஸ்மோனிடம் சொல்லவில்லை. சினாராவிடம் மட்டும் சொன்னான். அன்று மாலை 'முதலில் சொல்வது நாங்களே' என்ற வரியைப் பக்கத்திலிருந்து எடுத்தான். அந்த இடத்தில் வேறு எதை எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டான்.

ஒரு மாதம் கழித்து மலைப்பாதையில் ஒருவரை மறித்துக் கொள்ளையடித்துக் கொன்றுவிட்டார்கள். காவல் நிலையத்துக்காரன் வழக்கம்போலப் படம் அனுப்பினான். ஜமிர் திறந்து பார்க்காமலே அழித்தான். தப்பி ஓடிய வண்டியின் நம்பரையும் நிறத்தையும் மட்டும் கேட்டு வாங்கிப் போட்டான். மற்ற பக்கங்களில் பெயரும் படமும் வந்துவிட்டன. இவன் பக்கத்தில் ஒருவர் எழுதினார்: 'என்ன ஜமிர், தூங்கறியா? யாருன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு.'

ஜமிர் பதில் எழுதினான்: 'யார் என்பது எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு ஆட்கள் இன்னும் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. செத்தவரின் சேதி முதலில் அவர் வீட்டுக்குச் சொந்தம், அவர்கள் சம்மதித்த பிறகுதான் ஊருக்கு. அதுவரை இந்தப் பக்கம் பின்தங்கியே இருக்கும்.'

கேலி பேசி நிறையப் பேர் எழுதினார்கள். முந்நூறு பேர் பக்கத்தை விட்டுப் போனார்கள். மறுநாள் காலை, மாஸ்கோவில் ஜனங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில், அதன் கீழே ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர், மறுபடி அங்கே வேலைக்குத் திரும்பியிருந்த ஷாயிர்கான்.

'நாங்க காத்திருக்கோம் தம்பி. மெதுவாவே சொல்லு.'